பூங்கா வரிசையும் பெற்றோல் வரிசையும்

கணித வகுப்பை விளையாட்டுப் பூங்காவில் நடத்துவதா என்று பெற்றோர் சிலர் முகஞ் சுளித்தனர். அமெரிக்கக் கல்லூரிகள் சில தம் மாணாக்கரைப் புளோரிடாவிலுள்ள டிஸ்னி உலகத்துக்கே அழைத்துச் சென்று, அங்குள்ள வரிசைகளைப் பாடமாக்குகின்றன என்று எடுத்துரைத்தேன். நமக்குப் புளோரிடா எட்டாது. அவிசாவளை வீதியிலுள்ள லீசர் வேர்ல்ட் எட்டும். உயர்தர வகுப்பு மாணாக்கர் இருபத்திருவருடன் ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன்.

கொலன்னாவையை விட்டு நீங்குமுன் எண்ணெய்த் தாங்கிகளைக் கடக்கிறோம். நாட்டின் பெரும் எரிபொருட் களஞ்சியங்களுள் இது ஒன்று. 1995 ஒக்ரோபர் 20 இல் இவை தாக்கப்பட்டுப் பற்றியெரிந்ததை மூத்தோர் மறவார். தாங்கிகளை விட்டு வெல்லம்பிட்டியைக் கடந்தால் களனி கங்கை இடப்புறமாகத் துணை வரும். 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் வீடுகளை மூழ்கடித்த கங்கை அன்று சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

பூங்காவில் முதல் ஒரு மணி நேரம் எவரும் எதிலும் ஏறலாகாது. நின்று எண்ண வேண்டும் என்பது என் கட்டளை. அது எத்துணைக் கொடிய கட்டளை என்பதைப் பதினேழு வயதினரை மேய்த்தவரே அறிவர்.

இருபது பேர் அமரும் இராட்டினம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சுற்றுவதற்கு மூன்று நிமிடம். இறக்கி ஏற்றுவதற்கு இரண்டு நிமிடம். மணிக்குப் பன்னிரண்டு சுற்று, 240 பேர். வரிசையில் 120 பேர் நின்றால் கடைசியாள் அரைமணி காத்திருப்பார். இறக்கி ஏற்றுவதை ஒரு நிமிடமாகக் குறைத்தால் மணிக்கு 300 பேர்; அவருடைய காத்திருப்பு 24 நிமிடமாகும். புதிய இயந்திரம் வேண்டியதில்லை. வாயிற்படியில் சுறுசுறுப்பான ஒருவர் போதும்.

இக்கணக்கின் பிறப்பிடம் கோப்பன்ஹேகன் நகரம். ஏர்லாங் என்ற கணிதர் அந்நகரத் தொலைபேசிக் கம்பெனியின் அழைப்புக்களை ஆராய்ந்து 1909 இல் கட்டுரை வெளியிட்டார். 1843 இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற திவோலி விளையாட்டுப் பூங்காவும் அதே நகரில் உள்ளது. ஏர்லாங் அங்கே இராட்டினம் ஏறினாரோ, யானறியேன்!

அவர் வழி வந்த கணக்கு ஒன்று மாணாக்கரைத் திகைக்க வைத்தது. ஆட்கள் ஒழுங்கின்றி வந்து சேரும் ஒரேயொரு வாயிலைக் கருதுவோம். அது தன் ஆற்றலில் நூற்றுக்கு 80 பங்கு உழைத்தால் அங்கே சராசரியாக நிற்போர் 4 பேர். 90 பங்கானால் 9 பேர். 95 பங்கானால் 19 பேர். சிறிது கூடினாலும் வரிசை பாம்பாக நீளும். வருவோர் தொகை ஆற்றலையே மிஞ்சிவிட்டால்? அப்போது வரிசைக்கு முடிவேயில்லை.

"2022!" என்றான் ஒரு மாணவன்.

அவர்கள் அப்போது சிறுவர். பெற்றோல் செட்டில் தந்தைக்குச் சோறு கொண்டுபோனவர்கள், இரவில் வண்டியைக் காத்தவர்கள் அவர்களில் இருந்தனர். தாங்கிகளுக்கு அருகிலேயே குடியிருந்தும் கொலன்னாவையார் ஏனையோரைப் போலவே நின்றனர். அவ்வாண்டு மார்ச்சில் வரிசைகளில் நின்ற முதியோர் உயிர் நீத்தனர். ஜூலையில் கியூ-ஆர் எரிபொருள் அட்டை வந்தது. வாகன இலக்கத்தின் கடைசி எண்ணுக்கு ஏற்ப நாள் குறிக்கப்பட்டது. 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது. அந்த அட்டை ஒரு துளி பெற்றோலையும் பெருக்கவில்லை. காத்திருப்பை வெயிலிலிருந்து வீட்டுக்கு மாற்றியது. டிஸ்னி பூங்காக்கள் 1999 முதல் வழங்கிய இலவச முன்பதிவுச் சீட்டும் இதே தந்திரந்தான். இன்று அங்கே பணம் செலுத்துவோர் வரிசையை முந்தலாம். இது எனக்கு உவப்பாயில்லை.

"நமது அட்டையில் எல்லோரும் சமம்" என்று சற்றே பெருமையுடன் கூறினேன். தொடக்கத்தில் வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4.

முச்சக்கர வண்டி ஓட்டுநரின் மகன் ஒருவன் கொப்பியிலிருந்து தலை நிமிர்ந்தான். "சேர், ஒரு லீற்றருக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் என்றாலும் 125 கிலோமீற்றர்தான். அப்பாவுக்கு அது ஒன்றரை நாள் ஓட்டம். மிச்ச நாளெல்லாம் வண்டி வீட்டில்தான் நின்றது."

கரும்பலகை இல்லாத இடத்தில் அதற்குமேல் நான் எதுவும் எழுதவில்லை. அவர்களை இராட்டினம் ஏறப் போகச் சொன்னேன்.