தகரமென்றால் ஆகாது எனக்கு

உக்குவளையில் ஓட்டு வீட்டில் குடியிருப்பவருக்குக் குரங்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விடிந்ததும் பலாவிலிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து கொய்யாவுக்கு ஒரு பாய்ச்சல். நடுவில் இரண்டு ஓடு உடையும். ஓட்டுக்கு அடியில் பூச்சி தேடும் பழக்கம் வேறு. தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போய்விடும். 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று அன்றைய விவசாய அமைச்சர் சொன்னபோது கொழும்பில் சிரித்தார்கள். மாத்தளை மாவட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்து நாடே மின்சாரமில்லாமல் கிடந்தபோது, “இப்பவாச்சும் வெளங்கியிருக்கும்” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

ஓட்டை இறக்கிவிட்டுத் தகடு போட்டது ஏன் என்று கேட்பவர்களிடம் எல்லாம் குரங்கு என்றே சொல்கிறேன். அது பாதி உண்மை. குரங்கு வருஷக்கணக்காக இருக்கிறது. கடையில் தகடும் வருஷக்கணக்காக இருக்கிறது. இடைப்பட்ட காலமெல்லாம் மழைக்கு முன் ஆள் பிடித்து ஏற்றி, உடைந்த ஓட்டை மாற்றி, ஏறியவன் மிதித்து உடைத்த ஓட்டையும் மாற்றி, காசைக் கரைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். தகரத்துக்குக் கீழே இனி படுப்பதில்லை என்று சின்ன வயதிலேயே மனதுக்குள் முடிவு கட்டியிருந்தவன் நான். அதை அவளிடம்கூடச் சொன்னதில்லை.

எல்கடுவை ரோட்டில் மேலே போனால் வரும் தோட்டமொன்றின் லயத்தில், 10க்கு 12 அடிக் காம்பராவில் பிறந்தேன். மேலே தாத்தா காலத்துத் தகரம். அடுப்புப் புகை ஏறி உள்பக்கம் கன்னங்கரேலென்று இருக்கும். ஓட்டை விழுந்த இடமெல்லாம் தார். காற்றுக்குப் பறக்காமலிருக்க மேலே கல்லும் பழைய டயரும். மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது. மழை பிடித்தால் பேச்சு நின்றுவிடும். அம்மா வாயை அசைப்பது தெரியும், என்ன சொல்கிறாள் என்பது கேட்காது. பள்ளிக்கூடத்தில் டவுன் பையன்கள், ‘தகரக் காம்பரா’ என்பார்கள். அது வீட்டைப் பற்றிய பேச்சு இல்லை என்பது எட்டு வயதில் யாருக்கும் புரியும்.

மகாவலியைப் போல்கொல்லையில் மறித்து, மலையைக் குடைந்து ஐந்து மைல் சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த வேலைக்கு அப்பா தோட்டத்தை விட்டுப் போனார். 1976இல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. சேர்த்த காசுக்கு, ஸ்டேசனிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பழைய வீட்டை வாங்கினார். களிமண் சாந்தில் எழுப்பிய சுவர், பலாக் கைமரம், கித்துள் ரீப்பை, அதற்குமேல் கலிக்கட் ஓடு. குடிவந்து முதல் மழைக்கு அப்பாவும் அம்மாவும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்யும்போது பேசலாம் என்பது எங்கள் வீட்டில் புதுச் செய்தி.

சொல்ல வேண்டியது இனித்தான் வருகிறது. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது பழைய தோட்டத்துக்கே. அவள் வீட்டில் நான் ஒரு இராத்திரிகூடத் தங்கியதில்லை. அவள் மாமியார் செத்த அன்றும் கடைசி பஸ்ஸுக்கு இறங்கி வந்துவிட்டேன். “நாளைக்கு ஸ்கூல் இருக்கும்மா” என்று சொன்னேன். “சரிண்ணே” என்றாள். மறுநாள் போயா தினம், பள்ளிக்கூடம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து கொஞ்ச வாரங்களுக்குள் 360ஐத் தொட்டபோது எல்லாச் சாமான்களின் விலையும் ஏறியது. வைக்கால் பக்கத்திலிருந்து வரும் ஓடும் ஏறியது, ஓடு மாற்ற ஏறுகிறவரின் கூலியும் ஏறியது. அடுத்த வருஷம் அடுப்படிக்கு மேலே மழைநீர் சுவரோடு வழிந்து இறங்கியதும் எனக்கு வேறு வழியில்லை.

மலிவு என்று பார்த்தால் அஸ்பெஸ்டஸ். ஆனால் எந்த வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. நம் அரசாங்கமும் 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, இலங்கைத் தேயிலைப் பொதியில் கப்ரா வண்டைக் கண்டதாகச் சொல்லி நம் தேயிலையை நிறுத்தியது. நாம் அஸ்பெஸ்டஸ் வாங்குவது பெரும்பாலும் ரஷ்யாவிடம். அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தள்ளிப்போனது, மாத முடிவுக்குள் தேயிலைக்கும் வழி திறந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் குடியிருக்கும் பல லயங்களின் கூரையும் அதே சீட்தான். தேயிலையைக் காப்பாற்றியவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் தகடு. எந்தக் கம்பனியுடையதானாலும் ஊரில் அமானோ சீட் என்பார்கள். உருக்குத் தகட்டின் மேல் 55 வீதம் அலுமினியம், மீதியில் பெரும்பங்கு துத்தநாகம், சொட்டுச் சிலிக்கன் கலந்த பூச்சு. 1972இல் அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் கம்பனி சந்தைக்குக் கொண்டுவந்த கலவை. எங்கள் லயத்தில் இருந்தது வெறும் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் தேய்ந்து தீர்ந்ததும் இரும்பு துருவேறிவிட்டது. இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் எல்கடுவையைச் சேர்ந்த பாஸ். கத்தாரில் கூரை வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

ஓட்டை இறக்கியதும் அவர் முதலில் பார்த்தது மரத்தை. கைமரம் திடமாக இருந்தது. அந்தக் காலத்துப் பலா, சுத்தியலால் தட்டினால் கிண்ணென்றது. அடுப்படிப் பக்கம் சுவரின் மேல் படுத்திருந்த மரத்தில் ஸ்குரூட்ரைவரைக் குத்தினார், பிடிவரைக்கும் இறங்கியது. கறையான். வெளித்தோல் மட்டும் வார்னிஷ் பளபளப்போடு நின்றிருந்தது.

“இத்தனை வருசம் எப்படி நின்னுச்சு பாஸ்?”

“ஓட்டுப் பாரத்துல நின்னுச்சு சேர். ஓடு வீட்டப் புடிச்சிக்கிட்டு இருந்திச்சி. தகடு போட்டா, வீடு தகட்டப் புடிச்சிக்கணும்.”

மழையில் நனைந்த கலிக்கட் ஓடு, ஒரு சதுர மீற்றருக்கு 40 கிலோ அளவுக்கு இருக்கும். அதே பரப்புக்கு இந்தத் தகடு 5 கிலோகூடத் தேறாது. பாரம் குறைந்தது நல்லதுதானே என்று நினைத்தேன். அப்படியில்லை என்று பாஸ் விளக்கினார். காற்று கூரைக்கு அடியில் புகுந்தால் மேலே தள்ளும். ஓடு தன் கனத்தாலேயே அதற்கு ஈடுகொடுக்கும், தகடு கொடுக்காது. களிமண் சாந்துச் சுவரில் போல்ட் அடித்தால் பிடிக்காது என்று, சுவருக்குள் நாலடி ஆழத்துக்குக் கம்பி இறக்கி, கொங்கிரீட் வார்த்து, அந்தக் கம்பியில் புது மரத்தைக் கட்டினார். தகட்டைவிட இந்த வேலைக்குத்தான் காசு அதிகம் போனது. கேட்டுக்கொண்டிருந்தபோதே லயத்துக் கூரையின் கல்லும் டயரும் ஞாபகத்துக்கு வந்தன. கூரையைப் பிடித்துவைக்க வேண்டியவர்கள் பிடித்துவைக்கவில்லை, அதனால் நாங்கள் கல் தூக்கி வைத்தோம். வேறென்ன?

லயத்துத் தகரத்தில் ஆணி ஏன் நிற்கவில்லை என்பதையும் அவரே காட்டினார். இருபதடித் தகடு, உச்சி வெயிலுக்கும் விடிகாலைக் குளிருக்கும் 40 பாகை வித்தியாசம் என்றால் 3 மில்லிமீற்றர் அளவுக்கு நீண்டு சுருங்கும். தினமும் இப்படி இழுபட்டால் ஆணி மரத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக மேலே வரும், ஓட்டை பெரிதாகும், தண்ணீர் இறங்கும். திருகாணிக்கு மரத்தில் பிடிப்பு உண்டு, தலைக்கு அடியில் இறப்பர் வளையமும் உண்டு. அந்த வளையத்தை எவ்வளவு நெருக்குவது என்பதில்தான் கைவேலை. அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்: தளர்வாக விட்டால் இறப்பர் தகட்டில் படியவில்லை, நெருக்கிவிட்டால் ஓரம் பிதுங்கி வெடிக்கிறது. இறப்பர் வளையம் இரும்பு விளிம்புக்கு வெளியே மயிரிழை தெரிந்தால் போதும். கூடவந்த பையன் மெசினை ஒரே அழுத்தாக அழுத்தினான். அவன் அடித்ததில் பாதியைக் கழற்றச் சொல்லிவிட்டார். திருகாணி எல்லாம் தகட்டின் மேட்டில், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் ஒன்றும் இல்லை.

மாலையில் பையனைத் துடைப்பத்தோடு ஏற்றிவிட்டார். துளைபோட்டபோது விழுந்த இரும்புத் துருவல் தகட்டின் மேல் கிடந்தால், ஒரு மழைக்கே துருப்பிடித்துப் பூச்சையும் கெடுத்துவிடும். தவறிப்போன ஒரு தூள் எங்கள் பின்பக்கத் தகட்டில் இன்னும் பழுப்புப் புள்ளியாக இருக்கிறது. சமையலறைப் புகைபோக்கியைச் சுற்றி சீமெந்து பூசிவிடுங்கள் என்று நான் சொன்னபோது தலையை ஆட்டினார். ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியத்தைத் தின்னும். அதற்கும் தகட்டையே மடித்து வைத்தார்.

அடியில் வெள்ளித்தாள், அதற்கும் கீழே பலகை சீலிங், முகட்டில் சூடு வெளியேற வழி, வௌவாலும் குரங்கும் நுழையாதபடி அந்த வழிக்குக் கம்பிவலை. ஓட்டு வீட்டில் சூடும் ஈரக் காற்றும் இடுக்கு வழியாகத் தானே போய்விடும். தகட்டில் நாம்தான் வழி விட வேண்டும், இல்லாவிட்டால் விடியற்காலையில் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். லயத்தில் மழையில்லாத காலையிலும் பாய் நனைந்திருந்ததன் காரணத்தை ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். அம்மா அதைப் பனி என்று நினைத்திருந்தாள். தகரம் இடியை இழுக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மின்னல் உயரமான இடத்தைத்தான் தேடும், கூரை எதனால் ஆனது என்று பார்க்காது.

இறக்கிய ஓட்டைச் சுற்றுலா ஹோட்டல் கட்டுகிற ஒருவர் வாங்கிப் போனார். பழைய ஓடு இப்போது நாகரிகமாம்.

ஐப்பசி மழைக்குத் தங்கச்சி வந்திருந்தாள். ஹோலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

“சத்தமே பெருசா இல்லையேண்ணே. இதும் தகரம்தானே?”

“தகரந்தான்.”

“அப்ப எங்க வீட்லயும் ஏன் இப்படி இருக்கக்கூடாது?”

பதில் சொல்ல வரவில்லை. மிச்சத் தகடு பின்னால் சாத்திக் கிடந்தது. அடுப்படிக்காவது ஆகும் என்று எடுத்துக்கொண்டாள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், காம்பராவில் இருப்பவர் கையில் உறுதி கிடையாது. ஒரு தகடு மாற்றவும் ஒப்பீசில் கேட்க வேண்டும். அடுப்படி என்பதால் கண்டும் காணாமல் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பாஸோடு நானும் ஏறிப் போனேன். வேலை முடிய இருட்டிவிட்டது, பஸ் இருந்தது, நான் போகவில்லை. இராத்திரி மழை பிடித்தது. முன் காம்பராவில் பழைய தகரம், சீலிங் இல்லை. மச்சானும் நானும் கத்திக் கத்திப் பேசினோம்.

புதுத் தகடு ஒழுகவில்லை. ஒழுகியது பக்கத்து வீட்டுத் தகரமும் இவர்களுடையதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில். லயத்தில் கூரை ஒன்று, வீடுதான் பன்னிரண்டு. ஒரு காம்பராவுக்கு மட்டும் போட்டால் நிற்காது என்றார் பாஸ். விடிந்ததும் ஒப்பீசுக்குக் கடிதம் எழுதினேன், பன்னிரண்டு வீட்டாரும் கையெழுத்து வைத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் இருக்கிற தகரத்தில் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிட்டு இறப்பர் வளையத்தோடு திருகாணி போட்டு வருகிறார் பாஸ், ஒரு ஞாயிறுக்கு ஒரு காம்பரா. ஆணிக்காசு என்னுடையது, பாஸுக்கு மத்தியானச் சோறு அந்தந்த வீட்டில்.