ட்ரெய்னிங் முடிஞ்சது, திங்கட்கிழமை என்ன ஆச்சு?

1/
திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போற பெண்கள் என்கிட்ட அடிக்கடி வர்றது சிறுநீர்த் தொற்றோடதான். மாத்திரை எழுதுவேன், சரியாகும். ரெண்டு மாசத்துல திரும்ப வருவாங்க.

"தண்ணி நிறைய குடிக்கச் சொன்னேனே?"

"குடிச்சா பாத்ரூம் போகோணும்ங்க டாக்டர். போனா லைன் நிக்குதுன்னு சூப்பர்வைசர் கத்துவாருங்க."

2/
சிறுநீரை அடக்கினால் கிருமி பெருகும். பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை நீளம் குறைவு, அதனால் தொற்று சீக்கிரம் மேலே ஏறும். குளிர் காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்து வந்தால் அது சிறுநீரகம் வரை போயிருக்கலாம். தள்ளிப்போடாமல் உடனே டாக்டரைப் பாருங்க.

3/
ஒரு கம்பெனியில சூப்பர்வைசர்களுக்கு லீடர்ஷிப் ட்ரெய்னிங் வச்சாங்க. உடல்நலம் பத்தி பேச என்னையும் கூப்பிட்டாங்க. இதையெல்லாம் சொன்னேன். கைதட்டல், பொன்னாடை, குரூப் போட்டோ. பெருமையா வீட்டுக்கு வந்தேன்.

மூணு மாசம் கழிச்சும் அதே கம்பெனிப் பெண்கள், அதே தொற்று.

4/
அந்த ட்ரெய்னிங்ல முன் வரிசையில உட்கார்ந்திருந்த ஒரு சூப்பர்வைசர் பிரஷர் பார்க்க வந்தார். 160/100. கேட்டேவிட்டேன். அவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு:

"நீங்க சொன்னது சரிதானுங்க. ஆனா சாயங்காலம் மேனேஜர் என்கிட்ட கேக்கிறது எத்தனை பீஸ் போச்சுன்னுதான். எத்தனை பேர் தண்ணி குடிச்சாங்கன்னு யாரும் கேக்கிறதில்லைங்க."

நான் தப்பான இடத்துக்கு மருந்து கொடுத்திருக்கேன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

5/
அப்ப எதுதான் வேலை செய்யும்? நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. அது ஒரு கொடுமையிலிருந்து பிறந்தது.

திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுக்கு திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆலை. 2021 ஜனவரியில் அங்கே வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர்.

6/
2022 ஏப்ரலில், பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமான டிடிசியு, நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பேர் 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் போன்ற பிராண்டுகளும் கையெழுத்திட்டன.

அதிலும் ட்ரெய்னிங் உண்டு. தொழிலாளி, சூப்பர்வைசர், மேலதிகாரி எல்லாருக்கும். ஆனா அதோட நிற்கல.

7/
கூடவே மூணு விஷயம் வச்சாங்க:

▪️ 25 பேருக்கு ஒருத்தர் வீதம், தொழிலாளிகளில் இருந்தே கண்காணிப்பாளர்கள். லைன்ல நடக்கிற தப்பை அங்கேயே எடுத்துச் சொல்றது அவங்க வேலை.
▪️ புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை.
▪️ நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் வணிக ரீதியா நடவடிக்கை எடுக்கணும். அதாவது ஆர்டரில் கை வைக்கணும்.

8/
ஒப்பந்தத் தரப்பினர் வெளியிட்ட முதல் ஆண்டு அறிக்கைப்படி 185 புகார்கள் வந்தன, 98% தீர்ந்தன.

'இவ்வளவு புகாரா!'ன்னு நினைக்காதீங்க. காய்ச்சல் அடிக்கிற உடம்பு போராடுதுன்னு அர்த்தம். புகாரே வராத கம்பெனியைப் பார்த்தால்தான் ஒரு டாக்டரா எனக்குப் பயம்.

9/
கம்பெனி நடத்துற நண்பர்களுக்கு: ஷிப்மென்ட் நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனா லைன்ல ஒரு மாற்று ஆள் வச்சிருந்தா அஞ்சு நிமிஷம் எழுந்து போறவங்களால லைன் நிக்காது. வேலை நேரம் முழுக்கக் கழிப்பறை கைக்கெட்டும்படி இருக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. சூப்பர்வைசரைத் திருத்தும் முன்னாடி, சாயங்காலம் அவர்கிட்ட நீங்க கேட்கிற கேள்வியைத் திருத்துங்க.

10/
இப்ப யாராவது பேசக் கூப்பிட்டா ரெண்டு நிபந்தனை சொல்றேன். புரொடக்‌ஷன் மேனேஜரும் கூடவே உட்காரணும். மூணு மாசம் கழிச்சு நான் திரும்ப வருவேன், பொன்னாடை வேண்டாம்.

அன்னைக்கு லைன்ல இருக்கிற பெண்கள்கிட்ட தனியா ஒரே கேள்விதான் கேட்பேன்: "காலையில இருந்து எத்தனை தடவை தண்ணி குடிச்சீங்க, கண்ணு?"