அத்தை பிறந்த ஊருக்குக் காமிராவுடன்

சீட்டுப் பணம் வந்ததும் காமிரா வாங்க ஆசை. எந்த லென்ஸ் என்பதில்தான் குழப்பம். தம்பி மகனிடம் காமிராவையும் இரண்டு லென்ஸ்களையும் இரவல் வாங்கிக்கொண்டு, என் மாமியார் பிறந்த பண்ணைப்புரத்துக்குப் போனோம். தேனி மாவட்டத்து ஊர். 1943-ல் இளையராஜா பிறந்ததும் இங்கேதான். அவருக்கும் புகைப்படம் எடுப்பதில் கொள்ளை ஆசையாம்!

ஊருக்கு மேற்கே மலைத்தொடர். காலை வெயில் மலைமேல் நேராக விழும். மாலையிலோ சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். ஆகவே காலையில் எடுத்தேன். மலை முழுதும் அடங்க செல்போனே போதுமாயிருந்தது! 200 மி.மீ. லென்ஸை மாட்டலாமென்றால், ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்தது. லென்ஸ் மாற்றும்போது உள்ளே தூசி போனால் படத்தில் புள்ளி விழுமே! அது பையிலேயே கிடந்தது, தோள்வலிதான் மிச்சம்.

திண்ணையில் அத்தை வெற்றிலை இடித்தபடி, சிறுவயதுத் தோழியோடு சிரித்துக்கொண்டிருந்தார். எண்பது வயதாகியும் அவருக்கென்று தனியாக ஒரு நல்ல படம் கிடையாது. காமிராவில் இருந்த 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் நிழலிலும் நிறைய வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். எடுத்ததைக் காட்டினேன். "இது நானா ஆத்தா?" என்றார்.

காமிராவோடு அந்தச் சின்ன லென்ஸை மட்டும் வாங்கினேன். மீதிப் பணத்தில் அத்தை படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியாச்சு. சகோதரிகளே, முதலில் இரவல் வாங்கி எடுத்துப் பாருங்கள். பிறகு கடைக்குப் போங்கள்!