சீனி கேட்காத தேநீர்

நம் நாட்டில் ‘தே’ என்றாலே இனிப்புதான். இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் ‘கூராங் மானிஸ்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அப்பா எழுபது வயது வரை அப்படிக்கூடச் சொன்னதில்லை. பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போகிறவர்களுக்கு இனிப்பான தேதான் பாதிப் பசியாறல்.

இனிப்பு நீர் என்று கிளினிக்கில் சொன்னதும் வீட்டில் தே ‘கோசோங்’ ஆனது. இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். “இது தே இல்லம்மா, கஷாயம்” என்றார். மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டார், சோற்றையும் குறைத்தார். ஆனால், மாலையில் அம்மாவோடு வாசலில் உட்கார்ந்து தே குடித்தபடி ஊர்க்கதை பேசும் வழக்கம் நின்றுபோனது. எனக்கு அதுதான் கவலை.

அப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது. தே தாரேக்குக்குப் போடுவது தூள் தேயிலை. தூள் நுணுக்கமாக இருப்பதால் கொதிநீரில் சாயமும் துவர்ப்பும் சட்டென்று இறங்கிவிடும். பாலையும் சீனியையும் தாங்குகிற கடுப்பு அது. அவை இரண்டையும் எடுத்துவிட்டால் துவர்ப்புதான் மிஞ்சும். இனிப்போடு பழகிய தேயிலிருந்து சீனியைப் பிடுங்குவதைவிட, சீனி இல்லாமலே ருசிக்கிற பானங்களைத் தேடலாமே என்று தோன்றியது.

முதலில் கிடைத்தது நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. ‘தே’ என்ற சொல்லே ஹொக்கியன் மக்கள் தந்ததுதான். அவர்களின் பூர்வீகமான சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் விளைவது ‘தியெகுவான்யின்’ என்ற ஊலோங் தேயிலை. பச்சைத் தேயிலை, ஊலோங், நாம் குடிக்கும் கறுப்புத் தேயிலை எல்லாம் ஒரே செடியின் இலைகள்தாம். பறித்த இலையைக் காற்றுபட்டு எவ்வளவு நிறம் மாற விடுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஊலோங் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. முழு இலையாகச் சுருட்டியிருப்பதால் அதே இலையில் நான்கைந்து முறை வெந்நீர் ஊற்றிக் குடிக்கலாம். பூவாசம் வீசும். அப்பாவுக்கு வாசம் பிடித்தது. ஆனால் அதில் காஃபின் உண்டு. மாலையில் குடித்தால் ராத்திரி தூக்கம் வரவில்லை என்றார்.

அடுத்து ஜப்பானின் ‘முகிச்சா’. இதில் தேயிலையே கிடையாது, வறுத்த பார்லிதான். கோடைக்காலத்தில் குளிரவைத்துத் தண்ணீர்போல் குடிக்கிறார்கள். நம் கடைகளில் பார்லி கேட்டால் சீனியோடு வரும். அங்கே சீனி சேர்ப்பதில்லை. பார்லியை வெறும் சட்டியில் நன்றாகப் பழுப்பேறும் வரை வறுத்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். சோளம் சுட்டதுபோல் வாசனை. அம்மா இன்றும் அதைத்தான் குடிக்கிறார்.

அப்பாவை வளைத்தது ரோய்போஸ். தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் ஒரு புதர்ச்செடி. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘சிவப்புப் புதர்’ என்று பொருள். இலையையும் தண்டையும் நறுக்கி, நசுக்கி, புளிக்கவிட்டு வெயிலில் உலர்த்துகிறார்கள். காஃபின் இல்லை, துவர்ப்பும் குறைவு. பத்து நிமிடம் ஊறினாலும் கசக்காது. அங்கே பாலும் சீனியும் சேர்ப்பவர்களும் உண்டு. சேர்க்காவிட்டாலும் குறை தெரியாது. கோப்பையில் பார்த்தால் அசல் ‘தே ஓ’. கொஞ்சம் பால் மட்டும் விட்டுக் கொடுத்தேன். முழுக் கோப்பையும் காலியானது. வாசலில் மறுபடி இரண்டு நாற்காலிகள் விழுந்தன.

எல்லாமே எடுபடவில்லை. உருகுவே, அர்ஜென்டினா மக்கள் சுரைக்குடுவையில் உறிஞ்சும் மாத்தே, அப்பாவுக்கு வேப்பிலைத் தண்ணீர். அதிலும் காஃபின் இருக்கிறது. மொரோக்கோவின் புதினாத் தேநீரிலும் எகிப்தின் செம்புளிச்சைப் பூ பானத்திலும் வழக்கமாகச் சீனி தாராளம் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இவை எதுவும் இனிப்பு நீருக்கு மருந்தல்ல. அப்பாவின் சர்க்கரையைக் கவனிப்பது மாத்திரையும் சாப்பாடும் நடையும்தான். ‘மூலிகைத் தேநீர்’ என்று வரும் பொட்டலங்களில் என்ன கலந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள். சீனி இல்லாமலே இனித்தால் பெரும்பாலும் அதிமதுரமாக இருக்கும். அதை நிறையக் குடித்தால் ரத்த அழுத்தம் கூடலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் வீட்டிலும் ‘கோசோங்’ கோப்பையைத் தள்ளிவைத்த ஒருவர் இருந்தால், அவரிடம் சீனியைப் பற்றி இனிப் பேசாதீர்கள். பார்லியை வறுக்க ஆரம்பியுங்கள். வாசனைக்கே எழுந்து வருவார்.