அப்பாவுக்கு ஒரு சவுண்ட்பார்!

அந்த மெசேஜ் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி 10.20-க்கு. எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வழக்கமாகத் தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், பார்க்கிங் பஞ்சாயத்துதான் ஓடும். அன்றைக்குக் கீழ்வீட்டு அக்கா போட்டிருந்தார்.

“2-வது மாடியில டிவி சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா? குழந்தை மூணாவது தடவையா எழுந்துட்டா.”

வீட்டு நம்பர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. அந்த நேரத்தில் 2-வது மாடியில் டிவி அலறுகிற வீடு எங்களுடையது மட்டும்தான். ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். திரையின் மூலையில் வால்யூம் 42.

“என்னப்பா இது, தியேட்டரா?” என்றேன்.

“பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்குது. பேசறதுதான் புரிய மாட்டேங்குது. பழைய டிவில இப்படியா இருந்துச்சு?” என்றார் அப்பா.

அம்மா சமையலறையிலிருந்து, “நான் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறதில்ல. டிவியை மட்டும் கேட்டுடப் போறாரா?” என்றார். எங்கள் வீட்டில் இது பத்து வருடத்துச் சண்டை. அதனால் நான் காதில் வாங்கவில்லை.

எழுதியது பத்து, வாங்கியது பூஜ்யம்

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் டெஸ்க்கில் என் வேலைகளில் ஒன்று, ஆன்லைன் தள்ளுபடி சீசன் வந்தால் ‘பட்ஜெட்டில் அசத்தும் 10 சவுண்ட்பார்கள்’ என்று கட்டுரை போடுவது. கம்பெனி கொடுக்கும் விவரப் பட்டியலைப் பார்த்து, ‘வசனங்கள் துல்லியமாகக் கேட்கும்’ என்று எத்தனை முறை டைப் செய்திருப்பேன்! சொந்தமாக ஒன்றைக்கூட வாங்கியதில்லை. இப்போது 8,000 ரூபாய் பட்ஜெட்டில் வாங்க உட்கார்ந்தபோதுதான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

அப்பா பழைய டிவியைப் பற்றிச் சொன்னது சரிதான். அந்தக் குண்டு டிவியில் ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்து இருக்கும். பெட்டிக்குள் இடமும் நிறைய. இன்றைய டிவி விரல் தடிமன். ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ, பின்பக்கமோ பார்த்து இருக்கிறது. சுவரில் மாட்டினால், வசனம் முதலில் சுவரோடு பேசிவிட்டுத்தான் நம்மிடம் வரும்.

அடுத்து வாட்ஸ். ‘80 வாட்ஸைவிட 160 வாட்ஸ் இரண்டு மடங்கு சத்தம்’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. பெட்டிமேல் பெரிதாக எழுதியிருக்கும் எண், ஒரு கணம் எட்டும் உச்ச அளவாகவும் இருக்கலாம். தொடர்ந்து தரும் அளவைச் சொல்வது ‘ஆர்எம்எஸ்’ என்ற எண். அதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஹால் 12-க்கு 14 அடி. அதற்கு 40, 50 வாட்ஸே தாராளம்.

தம்பிக்கு வூஃபர் வேணுமாம்!

தம்பி காலேஜ் மூன்றாம் வருடம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிஎஸ்4 ஒன்று வைத்திருக்கிறான். “அக்கா, வாங்கறதுதான் வாங்கற... சப்வூஃபரோட வாங்கு. குண்டு வெடிச்சா சோபா அதிரணும்” என்றான்.

சோபா அதிர்ந்தால் கீழ்வீட்டுத் தொட்டிலும் அதிரும். 50 ஹெர்ட்ஸ் அளவிலான ‘பேஸ்’ ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். கதவைச் சாத்தினாலும் நிற்காது, சுவரும் அதைப் பெரிதாகத் தடுக்காது. சப்வூஃபரைத் தரையில் வைத்தால், நம் தரைதானே அவர்களுக்குக் கூரை? பேச்சு, பாட்டெல்லாம் மங்கிவிட, ‘தும் தும்’ மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும். நம் நாட்டின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 மணி வரையான அளவு 45 டெசிபல். விதியை விடுங்கள். பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு மேலே குடியிருக்கிறோம், அது போதாதா?

“டால்பி அட்மாஸாவது?” என்றான். ஒலி மேலிருந்து இறங்குவதுபோல் கேட்க, கூரையை நோக்கிய ஸ்பீக்கர்கள் வேண்டும். அட்மாஸ் என்று பெட்டியில் எழுதியிருப்பதாலேயே அவை உள்ளே இருந்துவிடாது. நம் பட்ஜெட்டில் அந்த எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

“செய்தி போடுங்க தம்பி!”

ஆன்லைனில் சத்தத்தைக் கேட்டுப் பார்க்க முடியாது. எனவே சனிக்கிழமை மூவரும் ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். ஓர் அகலமான கடைக்குள் நுழைந்தோம். கடைப் பையன் வரிசையாகச் சண்டைக் காட்சிகளைப் போட்டுக் காட்டினான். கண்ணாடி ஷோகேஸ் நடுங்கியது. தம்பி முகத்தில் பரவசம்.

அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “செய்தி போடுங்க தம்பி” என்றார்.

பையன் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டான். அங்கேதான் வேடிக்கை. சண்டைக் காட்சியில் அசத்திய பெரிய செட்டில் செய்தி வாசிப்பவர் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. தனி வூஃபர் இல்லாத ஒரு சின்ன பாரில், ‘வாய்ஸ்’ பட்டனை அழுத்தியதும் பேச்சு முன்னால் வந்து நின்றது. அப்பா தலையை ஆட்டினார். விலை 5,400 ரூபாய். மீதிப் பணத்தில் தம்பிக்கு ஒரு வயர் ஹெட்செட். ராத்திரி பத்துக்கு மேல் அவன் ஆட்டம் அதில்தான். எதிரியின் காலடி இடமா, வலமா என்று கண்டுபிடிக்க, பட்ஜெட் சவுண்ட்பாரைவிட ஹெட்செட்டே மேல் என்பதை அவனே ஒப்புக்கொண்டான்.

நீங்களும் கடைக்குப் போவதாக இருந்தால் மூன்று விஷயங்கள்:

* உங்கள் டிவியின் பின்னால் ‘ஏஆர்சி’ என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாரிலும் அதே போர்ட் இருந்தால் ஒரே கேபிள் போதும். பெரும்பாலும் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இல்லையென்றால் ஆப்டிகல் கேபிள்.
* புளூடூத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒலி ஒரு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பின்தங்கலாம். சினிமாவில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். கேமில் சுட்ட பிறகுதான் சத்தம் வரும்.
* நீங்கள் தினமும் பார்ப்பதைப் போட்டுக் கேளுங்கள். கடைக்காரர் விரும்புவதை அல்ல.

வீட்டுக்கு வந்து டிவியின் சொந்த ஸ்பீக்கரை மெனுவில் அணைத்தோம். பிஎஸ்4 டிவியின் இன்னொரு போர்ட்டில். பாரை ஷெல்ஃபின் உள்ளே தள்ளாமல், விளிம்பை ஒட்டி வைத்தோம். அன்றிரவு வால்யூம் 16. கீழ்வீட்டு அக்கா மறுநாள் படிக்கட்டில் பார்த்துச் சிரித்தார். நானும் மனதுக்குள் ஒரு கட்டுரைத் தலைப்பு போட்டுவிட்டேன்.

16... 20... 26...

கதை அங்கே முடியவில்லை. இரண்டு வாரத்தில் வால்யூம் 20 ஆனது. ஒரு மாதத்தில் 26. பாரில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒருநாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. “இப்ப என்ன சொன்னான்?” என்று அப்பா கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாற்ற வேண்டியது ஸ்பீக்கர் மட்டும் இல்லை.

அப்பா 31 வருடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். தகட்டை மெஷின் அடித்து அடித்து வெட்டும் இடம். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இஎன்டி டாக்டரிடம் கூட்டிப்போனேன். சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்ன ‘பீப்’ ஒலிகள் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் அப்பாவின் விரல் அசையவே இல்லை.

வந்த வரைபடத்தில், தாழ்ந்த ஒலிகளில் கோடு ஓரளவு நேராக ஓடி, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. “உயிரெழுத்து ஒலியெல்லாம் தாழ்ந்த அதிர்வு, சத்தமும் அதிகம். அது இவருக்குக் கேட்குது. ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ மாதிரி ஒலிகள் மேல் அதிர்வு, மெல்லிசு. அது விழுந்துபோகுது. அதனாலதான் சத்தம் கேட்குது, ஆனா சொல் புரியல” என்றார் டாக்டர். மெஷின் சத்தத்தில் போன செவித்திறன் திரும்பாது, ஹியரிங் எய்டு உதவும் என்றும் சொன்னார். வாய்ஸ் பட்டன் செய்ததும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான். பேச்சு இருக்கும் பகுதியைத் தூக்கிக் கொடுத்தது. ஆனால், அடுப்படியிலிருந்து கூப்பிடும் அம்மாவுக்கு வாய்ஸ் பட்டன் கிடையாதே!

“ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லல?” என்று கேட்டேன்.

“காது கேக்கலன்னு சொன்னா வயசாயிடுச்சும்பீங்க. அதான் டிவி சரியில்லன்னேன்” என்றார்.

ஹியரிங் எய்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது ரிமோட்டில் கூட்டல் பட்டனை அழுத்திக்கொண்டே போனால், சவுண்ட்பார் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூடவே ஒருமுறை காதையும் சோதித்துவிடுங்கள்.

அம்மா அன்றைக்கு ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை சமையலறையிலிருந்து குரல் வரவில்லை. அம்மாவே ஹாலுக்கு வந்தார். அப்பாவின் தோளைத் தொட்டு, அவர் திரும்பியதும் முகத்துக்கு நேரே நின்று, “காபி போடட்டுமா?” என்று கேட்டார்.

அப்பாவுக்கு முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது.