மூணாயிரத்து ஐந்நூறு ரூபாய் மழை!

மழையில் ஓடுகிறவர்கள் இரண்டு வகை. பஸ் ஸ்டாப் நிழற்குடையைப் பார்த்ததும் ஓடிப்போய் ஒதுங்குகிறவர்கள் ஒரு வகை. நிழற்குடையைத் தாண்டியும் ஓடிக்கொண்டே இருக்கிறவர்கள் இன்னொரு வகை. முப்பத்து மூன்று வயசு வரைக்கும் அடியேன் முதல் வகைதான்.

போன வருஷம் ஆபீஸில் மெடிக்கல் செக்கப். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "சர்க்கரை உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்குது சார். கதவைத் திறக்கறதும் சாத்தறதும் உங்க கையில... இல்ல, கால்ல இருக்கு" என்றார். மறுநாளே கான்வாஸ் ஷூ வாங்கிவிட்டேன். காலையில் நாலு கிலோமீட்டர் ஓட்டம். சர்க்கரையும் ஒரு படி இறங்கியது. அந்த நேரம் பார்த்து மழைக்காலம் வந்து சேர்ந்தது. மூன்று நாள் மழை, மூன்று நாள் லீவு. நாலாவது நாள் வெயில் அடித்தும் லீவு!

இந்தச் சாக்கை ஒழித்துக் கட்டத்தான் அந்த ஜாக்கெட்டை வாங்கினேன். ஓடுகிறவர்களுக்கென்றே செய்தது. எடை 180 கிராம். மடித்து அதனுடைய பாக்கெட்டுக்குள்ளேயே திணித்து ஜிப் போட்டால், ஒரு பெரிய மாம்பழம் சைஸுக்குச் சுருங்கிவிடும். விலை 3,499 ரூபாய்.

"ஏங்க, நானூறு ரூபாய்க்கு முழங்கால் வரைக்கும் ரெயின்கோட் கிடைக்குதே... இது இடுப்போட நிக்குது. மிச்சத்தைத் தைக்கத் துணி இல்லையாமா?" என்றாள் வீட்டுக்காரி.

பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்பதற்கென்றே கல்யாணம் செய்துகொள்கிறார்களோ!

சோதனை ஒன்று: பாத்ரூம்

ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஷவருக்கு அடியில் ஐந்து நிமிஷம் நின்றேன். சேப்பங்கிழங்கு இலை மேல் உருளுகிற மாதிரி, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. உள்ளே பனியன் பொட்டு ஈரமில்லை. வெற்றி!

துணிக்கு மேலே பூசியிருக்கிற ஒரு மெல்லிய பூச்சுதான் அப்படித் தண்ணீரை உருட்டி விடுகிறது. லேபிளில் '20 டெனியர்' என்று போட்டிருந்தது. 9,000 மீட்டர் நூலை எடை போட்டால் 20 கிராம்தான் வரும் என்று அர்த்தம். ஒன்பது கிலோமீட்டர் நூல், இருபது கிராம்! அதனால்தான் ஜாக்கெட் மாம்பழம் ஆகிறது. பக்கத்திலேயே '10,000 மி.மீ.' என்று இன்னொரு கணக்கு. துணி மேல் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் தாங்குமாம். அது துணியின் கணக்கு. தையலுக்கும் ஜிப்புக்கும் கழுத்துக்கும் அந்தக் கணக்கு செல்லாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சோதனை இரண்டு: சென்னை

ஒரு சாயங்கால மழையில் வேளச்சேரியில் ஓடினேன். மூன்றாவது கிலோமீட்டரில் மழை விட்டுவிட்டது. ஆனால் ஜாக்கெட்டுக்குள் மட்டும் விடவில்லை! கழற்றி உதறினால் சொட்டுகிறது. ருசி பார்த்தேன். உப்பு. அதாவது, அத்தனையும் என் சொந்தத் தயாரிப்பு!

விஷயம் இதுதான். இந்த மாதிரி ஜாக்கெட்டின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஏடு இருக்கிறது. மழைத்துளி வெளியிலிருந்து உள்ளே வராது. வியர்வை மட்டும் ஆவியாகி உள்ளேயிருந்து வெளியே போய்விடும். ஆனால் ஆவி சும்மா போகாது. உள்ளே ஈரமும் சூடும் அதிகமாக, வெளியே குறைவாக இருந்தால்தான் கிளம்பும். சென்னையிலோ வெளியேயும் புழுக்கம், உள்ளேயும் புழுக்கம். ஆவி எங்கே போகும், பாவம்? "இங்கேயே இருந்துடறேன்" என்று உட்கார்ந்துவிட்டது.

1823-ல் பிரிட்டனில் சார்லஸ் மேகின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவில் ரப்பரைத் தடவி மழைக்கோட்டுக்கு பேடன்ட் வாங்கினார். அதைப் போட்டவர்களும் உள்ளுக்குள் வெந்தார்கள். இருநூறு வருஷமாக மனுஷன் மழையை ஜெயித்துவிட்டு, வியர்வையிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறான்.

"குளிர்ற ஊர்ல போட்டுப் பாருடா" என்றான் ஆபீஸ் நண்பன். அவனுடைய பெரியப்பா வால்பாறையில் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஜூலை மாசம், இரண்டு நாள் லீவு. கிளம்பிவிட்டேன்.

சோதனை மூன்று: வால்பாறை

பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஏறுகிற ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவிலிருந்து கீழே பார்த்தால் ஆழியாறு அணை பளபளவென்று விரித்த கண்ணாடி மாதிரி தெரியும். அந்தப் பக்கத்துப் பாறைகளில் வரையாடுகள் நிற்கும் என்பார்கள். நான் போன அன்று அணையும் தெரியவில்லை, ஆடும் தெரியவில்லை. டிரைவருக்காவது ரோடு தெரிகிறதே என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். ஜன்னல் ஷட்டர் ஒழுகியதில் பக்கத்து சீட்டுப் பாட்டியின் பை நனைந்தது. ஜாக்கெட்டை எடுத்துப் பையின் மேல் போர்த்தினேன். முதல் உபயோகம்!

வால்பாறை சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஜூனில் வந்து உட்கார்ந்தால் செப்டம்பர் வரைக்கும் எழுந்திருக்க மனசு வராது. பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாருக்கு, தமிழ்நாட்டின் சிரபுஞ்சி என்றே பெயர். மழை கேட்டவனுக்கு மழை!

பெரியப்பா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். "தம்பி, நல்லா விடிஞ்சப்புறம் போங்க. வண்டி போற ரோட்டை விட்டு இறங்காதீங்க. ஆளுங்க யாராச்சும் நில்லுன்னா நின்னுடுங்க."

காலை ஏழேகாலுக்கு ஓட ஆரம்பித்தேன். இரண்டு பக்கமும் தேயிலை. பத்தடிக்கு மேல் பனிமூட்டம். சடசடவென்று மழை.

முதல் பத்து நிமிஷம் ராஜபோகம். துளிகள் உருண்டு ஓடின. குளிர்காற்று ஜாக்கெட்டில் மோதி, "ஸாரி, ராங் அட்ரஸ்" என்று திரும்பிப் போனது. இருபதாவது நிமிஷம் கழுத்து வழியாக ஒரு சொட்டு உள்ளே இறங்கி முதுகில் ஊர்வலம் போனது. அரை மணியில் தோள்பட்டைத் தையல், மணிக்கட்டு, ஜிப் எல்லாம் கைவிட்டுவிட்டன. உள்ளே நன்றாகவே நனைந்துவிட்டேன். ஆனால் ஆச்சரியம், குளிரவே இல்லை! ஓடுகிற உடம்பு அடுப்பு மாதிரி. காற்று அதை அணைக்காமல் பார்த்துக்கொண்டது ஜாக்கெட்.

அப்போது காலில் ஏதோ குறுகுறுத்தது. குனிந்தால்... அட்டை! ஒன்று இல்லை, நாலு. நின்று, ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்தில் பல் தந்தி அடிக்க ஆரம்பித்துவிட்டது. காற்றைவிட தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். அடுப்பு எரிகிற வரைக்கும் கவலையில்லை. நின்றால், அதே ஈரப் பனியன் ஐஸ் பெட்டி.

தலை மூடியை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி ஓடினேன். மூடி மேல் மழை விழுகிற சத்தம், காது பக்கத்தில் யாரோ அப்பளம் நொறுக்குகிற மாதிரி இருந்தது. தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஏதோ டவர் போல என்று நினைத்து, அதைப் பார்த்தே ஓடினேன்.

திடீரென்று பின்னாலிருந்து யாரோ ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார்கள். கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா. மூச்சு வாங்க, தலைமூடியைத் தானே பின்னால் தள்ளிவிட்டார்.

"எத்தன தடவ கத்துறது தம்பி? காது கேக்காதா? லைட்டு எரியுதுல்ல... யான நிக்குது!"

மூடி விலகியதும்தான் கேட்டது. கீழே ஓடைப் பக்கம் 'மடார்' என்று ஒரு கிளை ஒடிந்தது. நான் ஓடிப் போகவிருந்த வளைவில், பனிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் மெல்ல அசைந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுவர். தாயும் குட்டியும். முழங்கால் கழன்றுவிட்டது எனக்கு. ஓட்டம் பழகியதெல்லாம் அந்த நிமிஷம் மறந்தே போயிற்று.

பிறகு பெரியப்பா விளக்கினார். வால்பாறையில் காட்டுத் துண்டுகளுக்கு நடுவே எஸ்டேட்டுகள் இருப்பதால் யானைகள் குறுக்கே நடந்துதான் ஆகவேண்டும். எதிர்பாராமல் எதிரே போய் நின்றுதான் எத்தனையோ பேர் உயிரை விட்டிருக்கிறார்கள். அதனால் அங்கங்கே சிவப்பு விளக்குக் கம்பங்கள் வைத்திருக்கிறார்கள். யானை நிற்பதைப் பார்த்தவர்கள் செல்போனிலிருந்தே விளக்கை எரிய வைக்கலாம். யானை எங்கே இருக்கிறது என்று ஊராருக்கு எஸ்.எம்.எஸ்ஸும் போகும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமாருக்கு 2015-ல் இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது.

நாற்பது நிமிஷம் ஒரு தகர ஷெட்டில் எல்லோரும் ஒதுங்கி நின்றோம். 3,499 ரூபாய்க்குள் நான் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தன் தலைக்கு மேல் கொங்காணி மாதிரி மடித்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து என் மேல் போர்த்தினார். பிளாஸ்க் மூடியில் கட்டஞ்சாயா ஊற்றிக் கொடுத்தார்.

பதிலுக்கு என்ன செய்வது? "அம்மா, இந்த ஜாக்கெட்டை நீங்க வச்சுக்குங்க" என்றேன்.

வாங்கி, விரலால் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கொழுந்துப் பையைச் சுமந்தா முதுகுல ஒரு வாரத்துல நஞ்சிரும். செடிக் குச்சி கிழிச்சிரும். நாங்க எட்டு மணி நேரம் மழையில நிக்கணும் தம்பி... இது ஓடுற பிள்ளைக்கு உள்ளது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எந்த நிபுணரும் இதைவிடச் சரியாக மார்க் போட முடியாது. இது ஓடுகிறவன் சட்டை. நிற்கிறவன் சட்டை இல்லை. நனையாமல் காப்பாற்றாது. நனைந்தாலும் வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம் அவகாசம் வாங்கித் தரும். அவ்வளவுதான்.

வாங்க நினைக்கிற நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். சென்னைப் புழுக்கத்துக்கு இது வேண்டாம், நனைந்துகொண்டே ஓடுங்கள். மலை ஊருக்கு என்றால் அக்குளில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் மறுநாள் ஊசிப்போன வாடை அடிக்கும். துணி மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைத்தால் பூச்சு கெட்டுவிடும். பைக்குள் ஒரு காய்ந்த பனியன் கட்டாயம். நின்ற உடனே மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், "ஜாக்கெட் எப்படிங்க? மழை தாங்கிச்சா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

"தாங்கிச்சு. கொஞ்ச நேரம்" என்றேன். யானைக் கதையை இன்னும் சொல்லவில்லை. இந்த இதழைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரியப்போகிறது.

இப்போதும் மழையில் ஓடுகிறேன், அதே ஜாக்கெட்டோடு. தலை மூடியை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டேன். தலை நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம் சார். காது திறந்தே இருக்கட்டும்.