கடைசி நாள் மை

முழுப் பரீட்சை முடிகிற அன்று, பேனாவில் மிச்சமுள்ள மையை ஒருவர் சட்டையில் ஒருவர் தெளிப்பது எங்கள் கம்பத்துப் பையன்களுக்கு எழுதாத சட்டம். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இந்தியா கபடியில் தங்கம் வாங்கியது. எங்களுக்கோ அது பழைய சடுகுடுதான். ஆனாலும் தலைகால் புரியவில்லை. அடுத்த ஏப்ரலில் கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு மைதானத்தில் இறங்கிவிட்டோம்.

பாடிப் போவதில் சூரன் ஒருவன். சட்டையை வேப்பங்கிளையில் மாட்டிவிட்டுத்தான் ஆடுவான். அவன் மூச்சுப் பிடித்திருக்கையில் அந்தச் சட்டைமேல் பேனாவை உதறினேன். திரும்பி வந்தவன் கோபிக்கவில்லை.

"ஜூனுக்கும் இதான்டா, மாப்ளே" என்றான்.

ஜூனில் அவன் வரவில்லை. குமுளி மலையேறும் ஏலத் தோட்டத்து ஜீப்பில் ஒருநாள் பார்த்தேன். அதே சட்டை. பெரியாற்றுத் தண்ணீரில் எத்தனை முறை அலசினார்களோ, நீலம் போகவில்லை.